விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன் உங்கள் கையில் என்னென்ன இருக்க வேண்டும்? சிறுதொழில் செய்பவர்களுக்கான இழை

துணைக்கரம்:

வணக்கம். சிறுதொழில் செய்பவர்களுக்கு இணைய வேலைகளில் உதவி செய்து வருகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடலாமா, கூகுளில் போடலாமா?" என்பதுதான். நான் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பேன். உங்கள் டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? ஃபேஸ்புக் பக்கத்தில் முழு அதிகாரம் யாரிடம் இருக்கிறது? கூகுள் மேப்பில் வரும் உங்கள் தொழில் விவரத்துக்கு எந்த ஜிமெயில் உரிமையாளர்? இதுவரை உங்களிடம் வாங்கியவர்களின் பெயரும் எண்ணும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

நாலுக்கும் உடனே பதில் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. வெப்சைட் செய்து கொடுத்தவரே டொமைனைத் தன் பெயரில் வாங்கியிருப்பார். முன்பு வேலை பார்த்தவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து ஃபேஸ்புக் பக்கத்தைத் தொடங்கியிருப்பார். வாடிக்கையாளர் எண்கள் எல்லாம் ஒரே போனில் இருக்கும். அந்தப் போன் தொலைந்தால் அவ்வளவுதான்.

விளம்பரம் காசு போடுகிற வரை ஓடும், நிறுத்தினால் நின்றுவிடும். நின்ற பிறகு உங்களிடம் மிஞ்சுவது அந்த நாலும்தான். அவை வேறொருவர் பெயரில் இருந்தால், உங்கள் காசில் வளர்வது அவருடைய சொத்து. இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்.

ஓர் உதாரணம். மேப்பில் வரும் தொழில் விவரத்தோடு, அதாவது பிசினஸ் ப்ரொஃபைலோடு, இலவசமாகக் கொடுத்து வந்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்தியது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஒரு பக்கம் செய்து, அதே முகவரியில் தொடர முடிந்தது. கூகுள் கொடுத்த முகவரியையே விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்தவர்களுக்கு அந்த முகவரியே இல்லாமல் போனது.

இங்கே செய்து பார்க்கக்கூடிய வேலைகளைப் பேசுவோம். எங்கே சிக்கியிருக்கிறது என்று எழுதுங்கள், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மரவேலை:

அக்கா, நான் பழைய மரச்சாமான்களைச் சரிசெய்து, பாலிஷ் போட்டுக் கொடுக்கிறேன். நீங்கள் சொன்ன முதல் கேள்வியிலேயே நிற்கிறேன். வெப்சைட் செய்து கொடுத்த நிறுவனம்தான் டொமைனையும் வாங்கியது. வருடா வருடம் பணம் கட்டுகிறேன். இப்போது வேறு ஆளிடம் போகலாம் என்று நினைத்தால் போனை எடுப்பதில்லை. ஃபேஸ்புக் பக்கமும் அவர்கள் தொடங்கியதுதான். எனக்குப் பதிவு போட முடிகிறது, ஆனால் வேறு ஒருவரைச் சேர்க்க முடியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முன்னாள்ஏஜென்சி:

நான் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவன். இதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சண்டை வேண்டாம். மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். கேட்க வேண்டியது இரண்டு: டொமைனின் உரிமையாளர் விவரத்தில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வர வேண்டும், மாற்றுவதற்கான குறியீடு, அதாவது ஆத் கோட், உங்கள் கைக்கு வர வேண்டும். அந்தக் குறியீடு இருந்தால் டொமைன்களைப் பதிவு செய்து தரும் நிறுவனங்களில் நீங்கள் விரும்பும் ஒன்றுக்கு டொமைனைக் கொண்டு போகலாம். டொமைனை வாங்கிய புதிதிலும் உரிமையாளர் பெயரை மாற்றிய பிறகும் சில காலம் வேறு இடத்துக்கு மாற்ற விடாமல் பூட்டி வைப்பார்கள். வழக்கமாக 60 நாள். அதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று பயப்பட வேண்டாம்.

டொமைன் விவரங்களைக் காட்டும் ஹூஈஸ் (Whois) தேடலில் உங்கள் டொமைனைப் போட்டால் எந்தப் பதிவு நிறுவனத்தில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று தெரியும். காலாவதித் தேதியை உங்கள் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். டாட் காம் போன்ற முகவரிகள் காலாவதியாகி நீக்கப்பட்டாலும், 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குள் மீட்கலாம், ஆனால் சாதாரணப் புதுப்பிப்பைவிட நிறைய செலவாகும். அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

ஃபேஸ்புக் பக்கத்தில் இரண்டு வகை அனுமதி உண்டு. முழுக் கட்டுப்பாடு உள்ளவர்தான் மற்றவர்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். உங்களிடம் இருப்பது குறைந்த அனுமதி. முழுக் கட்டுப்பாட்டைக் கேளுங்கள். வந்ததும் அவர்களை உடனே நீக்க வேண்டாம், ஒப்படைப்பு முடியட்டும். இனி யாரை வேலைக்கு வைத்தாலும், பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்க, அவர்களைக் கூட்டாளியாக மட்டும் சேருங்கள். கூகுள் விளம்பரத்திலும் இதே முறைதான். கணக்கு உங்களுடையது, நிறுவனம் தன் மேலாளர் கணக்கிலிருந்து இணைந்துகொள்ளும். விட்டுப் போகும்போது இணைப்பை மட்டும் துண்டித்தால் போதும், பழைய தரவு எல்லாம் உங்களிடமே இருக்கும்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் வேறொருவர் கையில் இருந்தால், அதிலேயே "உரிமை கோரு" என்று விண்ணப்பிக்கலாம். இப்போதைய உரிமையாளருக்குக் கூகுள் அறிவிப்பு அனுப்பும். குறிப்பிட்ட நாள்களுக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால், நீங்களே சரிபார்த்து உரிமை பெறும் வாய்ப்பு வரும்.

நல்ல நிறுவனங்கள் இதையெல்லாம் கேட்காமலேயே செய்து கொடுக்கும். கேட்டும் தராத நிறுவனத்திடம் இன்னொரு வருடம் இருக்காதீர்கள்.

ஊசிநூல்:

எல்லோரும் வெப்சைட், டொமைன் என்றே பேசுகிறீர்கள். நான் வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு வேலை வருவது இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும்தான். வெப்சைட் இருந்தால் அதற்கு யார் படம் போடுவது, யார் புதுப்பிப்பது? பாதியில் நிற்கும் வெப்சைட்டைவிட இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து. கூகுள் மேப்பில் போடவும் விருப்பமில்லை, வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரிய வேண்டாம்.

துணைக்கரம்:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாதியில் நிற்கும் வெப்சைட் பழைய விலையையும் பழைய எண்ணையும் காட்டிக்கொண்டிருக்கும், அது நல்லதில்லை. வேலை நிறைய வந்துகொண்டிருக்கும்போது வெப்சைட் அவசரமும் இல்லை. ஆனால் ஒரு டொமைனை மட்டும் வாங்கி, அதை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள். கார்டிலும் பையிலும் அந்த முகவரியையே அச்சிடுங்கள். நாளைக்கு வேறு இடத்துக்குப் போனால் திருப்பும் திசையை மாற்றினால் போதும். வைன் என்ற வீடியோ செயலி 2017இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அவற்றில் வருடக்கணக்காக ஆட்களைச் சேர்த்தவர்களுக்கு அந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு வர வழியில்லை.

வீட்டு முகவரி பற்றி: கூகுள் ப்ரொஃபைலில் முகவரியை மறைத்துவிட்டு, நீங்கள் சேவை தரும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். சரிபார்ப்புக்கு மட்டும் விவரம் கேட்பார்கள், பெரும்பாலும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். தையல் இயந்திரம், துணிகள், வேலை நடக்கும் இடம் எல்லாம் அதில் தெரிந்தால் நல்லது.

பெயர்ப் பகுதியில் உங்கள் தொழிலின் உண்மையான பெயரை மட்டும் போடுங்கள். "சிறந்த தையல், குறைந்த விலை, உடனடி" என்று பெயருக்குப் பின்னால் சேர்ப்பது கூகுள் விதிக்கு எதிரானது, ப்ரொஃபைலையே முடக்கிவிடலாம்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். நீங்கள் சாதாரண வாட்ஸ்அப்பா, வாட்ஸ்அப் பிசினஸா?

ஊசிநூல்:

பிசினஸ்தான் அக்கா. ஆனால் அதில் தனியாக எதுவும் செய்வதில்லை. பண்டிகைக்கு முன் எல்லோருக்கும் பிராட்காஸ்ட் அனுப்பினேன். பாதிப் பேருக்குப் போகவே இல்லை.

துணைக்கரம்:

உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கவும் முடியும். அதனால் ஒருவர் முதல் தடவை பேசும்போதே, "என் எண்ணை இந்தப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள், துணி தயாரானதும் செய்தி வரும்" என்று சொல்லிவிடுங்கள். சேமிப்பதற்கு அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

அப்புறம் லேபிள், அதாவது வாட்ஸ்அப் பிசினஸில் ஒவ்வொரு உரையாடலுக்கும் போடும் அடையாளம். "விசாரித்தவர்", "அளவு கொடுத்தவர்", "பணம் பாக்கி", "முடிந்தது" என்று நாலு லேபிள் போதும். விசாரித்துவிட்டு நின்றுபோனவர்கள் யார் என்று ஒரே பார்வையில் தெரியும். அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புவதுதான் இருப்பதிலேயே செலவில்லாத மார்க்கெட்டிங். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களைக் குறும்பதில்களாகச் சேமித்து வையுங்கள்: எத்தனை நாளாகும், அளவு எப்படிக் கொடுப்பது, மாற்றித் தருவீர்களா. ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, பதிலும் ஒரே மாதிரி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போனுக்கு வெளியே ஒரு பட்டியல். கூகுள் ஷீட் போதும், நோட்டுப்புத்தகம் என்றாலும் சரி. பெயர், எண், என்ன வேலை, எப்போது, அடுத்த தடவை செய்தி அனுப்பலாம் என்று சம்மதம் சொன்னாரா. அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். சம்மதமில்லாமல் அனுப்பினால் ஆட்கள் பிளாக் செய்வார்கள், புகார் அதிகமானால் எண்ணையே வாட்ஸ்அப் தடை செய்யும்.

கணக்கர்:

விளம்பரமே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை என்பதால், எப்போது போடலாம் என்று கணக்குப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். என்னிடம் வரும் பலருக்கு மொத்த விற்பனை தெரிகிறது, ஒரு ஆர்டரில் கையில் நிற்பது எவ்வளவு என்று தெரிவதில்லை.

ஒரு ஆர்டரின் மதிப்பை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள், பேக்கிங், அனுப்பும் செலவு, உங்கள் உழைப்புக்கான கூலி எல்லாம் சேர்ந்து 70 பங்கு. மிச்சம் 30. இந்த 30க்குள்தான் விளம்பரம் அடங்க வேண்டும். கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம், அவர்களுக்கு எல்லா விளம்பரமும் லாபமாகத் தெரியும்.

இப்போது விளம்பரத்தை 100 பேர் கிளிக் செய்கிறார்கள் என்று கொள்வோம். அதில் 5 பேர் விசாரிக்கிறார்கள், ஒருவர் வாங்குகிறார். அப்படியென்றால் 100 கிளிக்குக்கு நீங்கள் தரக்கூடியது அதிகபட்சம் 30 பங்கு. ஒரு கிளிக்குக்கு 0.3 பங்கு, அதாவது ஆர்டர் மதிப்பில் ஆயிரத்தில் மூன்று. உங்கள் துறையில் ஒரு கிளிக்கின் விலை இதைவிட அதிகமென்றால், எவ்வளவு அழகான விளம்பரமாக இருந்தாலும் நஷ்டம்தான்.

இதே கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். விசாரித்த 5 பேரில் ஒருவருக்குப் பதிலாக இருவர் வாங்கினால், ஒரு கிளிக்குக்கு 0.6 பங்கு வரை தரலாம். விளம்பரத்தைத் தொடாமலேயே உங்கள் சக்தி இரட்டிப்பாகிறது. அதைச் செய்வது எது? சீக்கிரம் பதில் சொல்வது, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வது, நின்றுபோனவரை ஒரு தடவை மறுபடி விசாரிப்பது. துணைக்கரம் சொன்ன லேபிள் வேலை இங்கே நேரடியாகக் காசாகிறது.

திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர் உள்ள தொழிலென்றால் முதல் ஆர்டரிலேயே லாபம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் "திரும்ப வருவார்கள்" என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள். உங்கள் பட்டியலில் எத்தனை பேர் உண்மையிலேயே திரும்ப வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

புதுக்கடை:

இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன், கைவினைப் பரிசுப் பொருள்கள். பட்டியலில் எண்ணுவதற்கு ஆளே இல்லை. இரண்டு கேள்வி. ஒன்று, கூகுளில் முதல் இடம் உறுதி என்று ஒருவர் போன் செய்துகொண்டே இருக்கிறார், கூகுள் கூட்டாளி என்கிறார். நம்பலாமா? இன்னொன்று, ஃபேஸ்புக்கில் "பூஸ்ட்" என்று ஒரு பொத்தான் வருகிறதே, அதை அழுத்தலாமா?

முன்னாள்ஏஜென்சி:

முதல் கேள்விக்குக் கூகுளே பதில் எழுதி வைத்திருக்கிறது: முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மேப்பில் யார் மேலே வருகிறார்கள் என்பதற்கு அது சொல்லும் காரணங்கள் மூன்று. தேடியதற்கு நீங்கள் எவ்வளவு பொருத்தம், தேடியவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள், எவ்வளவு அறியப்பட்டவர். காசு கொடுத்து இந்த வரிசையை மேம்படுத்த முடியாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. அருகில் இருப்பதை மாற்ற முடியாது. பொருத்தத்தை நீங்களே இன்றைக்கே சரிசெய்யலாம்: சரியான தொழில் வகை, முழுமையான சேவைப் பட்டியல், சரியான வேலை நேரம், உண்மையான படங்கள். அந்த போன்காரர் கேட்கும் பணத்துக்கு இதைத்தான் செய்வார், அதையும் செய்தால்.

பூஸ்ட் பற்றி. அது விளம்பரத்தின் சுருக்க வழி. ஏற்கெனவே போட்ட ஒரு பதிவைக் காசு கொடுத்து அதிகம் பேருக்குக் காட்டும். லைக் வரும், விற்பனை வருமா என்பது வேறு விஷயம். ஃபேஸ்புக்கின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் போட்டால் நோக்கம் என்ன, யாருக்குக் காட்ட வேண்டும், எங்கே காட்ட வேண்டும் என்பதில் உங்களுக்கு அதிகப் பிடி கிடைக்கும். "மெசேஜ் வர வேண்டும்" என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், மெசேஜ் அனுப்பும் பழக்கம் உள்ளவர்களுக்குக் காட்ட முயலும். காசு போடும் முன் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஆட் லைப்ரரியைத் திறந்து, உங்கள் துறையில் இருப்பவர்களின் பெயரைத் தேடுங்கள். இப்போது ஓடும் விளம்பரங்களை இலவசமாகப் பார்க்கலாம், எப்போது தொடங்கியது என்ற தேதியும் இருக்கும். மாதக்கணக்கில் ஓடும் விளம்பரம் பெரும்பாலும் பலன் தருவதாக இருக்கும்.

கூகுள் தேடல் விளம்பரம் போடுகிறவர்கள் மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள். இடம் தேர்ந்தெடுக்கும் பகுதியில், அந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டுமல்லாமல் அதில் ஆர்வம் காட்டியவர்களுக்கும் காட்டு என்பது முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். அருகில் மட்டும் சேவை தருகிறவர்கள் அதை மாற்றாவிட்டால், வர முடியாதவர்களின் கிளிக்குக்குப் பணம் போகும். அடுத்து, மற்ற வெப்சைட்டுகளில் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க்கும் சேர்ந்து டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். தேடுகிறவர்களை மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் அதை எடுத்துவிடுங்கள். மூன்றாவது, தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல். மரவேலைக்காரர் என்றால் "வேலைவாய்ப்பு", "பயிற்சி", "நீங்களே செய்வது எப்படி" போன்றவற்றைச் சேர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, எந்தெந்தத் தேடலுக்கு விளம்பரம் காட்டப்பட்டது என்ற அறிக்கையைத் திறந்து இந்தப் பட்டியலை வளர்த்துக்கொண்டே போங்கள்.

ஆனால் உங்களுக்கு இப்போதைக்கு விளம்பரமே வேண்டாம் என்பேன். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் மூலம் முதல் கொஞ்சம் பேரிடம் விற்றுவிட்டு, அவர்கள் ஏன் வாங்கினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களையே பிறகு விளம்பரத்தில் போடலாம்.

எழுத்துரு:

அந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நான் வடிவமைப்பும் எழுத்தும் செய்கிறேன். "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் யாரும் அதைத் தேடி வருவதில்லை. நாற்காலிக் கால் ஆடுகிறது, மேசையில் சூடு பட்டு வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது, அலமாரிக் கதவு மூடவில்லை. இப்படித்தான் நினைக்கிறார்கள், இப்படித்தான் தேடுகிறார்கள். மரவேலை நண்பர் தன் பக்கத்தில் இந்த மூன்றையும் தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன செய்வார், எத்தனை நாளாகும், எப்போது சரிசெய்ய முடியாது என்று எழுதினால் போதும். எப்போது முடியாது என்பதையும் எழுதுவதால்தான் மற்றதை நம்புவார்கள்.

வெப்சைட் உள்ளவர்கள் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியை இணைத்து வையுங்கள். இலவசம். 16 மாதத் தரவைக் காட்டும். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் தேடலில் தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று பார்க்கலாம். நிறைய பேருக்குத் தெரிந்தும் யாரும் கிளிக் செய்யாத சொல் ஒன்று நிச்சயம் இருக்கும். அதற்கான தலைப்பைத் திருத்தி எழுதுவது விளம்பரத்தைவிட மலிவான வேலை.

படங்களைப் பற்றி ஒரே வார்த்தை: இணையத்தில் எடுத்த படம் வேண்டாம். சன்னல் வெளிச்சத்தில் போனில் எடுத்த உங்கள் வேலையின் படமே போதும். ஏற்றும் முன் அளவைக் குறையுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், அதைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய படங்கள்தான்.

ஊசிநூல்:

தினமும் ரீல்ஸ் போடு, இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்கிறார்கள். இரவு வரை தைத்துவிட்டு அதற்குமேல் வீடியோ எடுக்க உடம்பில் தெம்பு இல்லை. இது உண்மையிலேயே தேவையா?

முன்னாள்ஏஜென்சி:

அடிக்கடி போடுகிறவர்களுக்குப் பலன் உண்டு, அதை மறுக்க மாட்டேன். யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் வழிமுறை (அல்காரிதம்) அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

துணைக்கரம்:

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு சார். வழிமுறை யாருக்காகவும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தபோது, வருடக்கணக்கில் தினமும் எழுதி வந்த தொழில் பக்கங்களின் பதிவுகளைப் பார்ப்பவர்கள் குறைந்தார்கள். தினமும் போட்ட உழைப்புக்கு அங்கே எந்தக் கணக்கும் இல்லை. தனியாகத் தொழில் செய்கிற பெண்ணின் நேரமும் உடம்பும் அதைவிட முக்கியம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்து, அதற்குள் முடிகிறதை மட்டும் செய்யுங்கள். நின்றுபோன விசாரணைகளுக்குப் பதில், முடித்துக் கொடுத்தவர்களிடம் ஒரு மதிப்புரை கேட்பது, மிச்ச நேரத்தில் ஒரு படம், இரண்டு வரி. தைக்கும்போதே போனை நிறுத்தி வைத்து எடுத்த பத்து வினாடி வீடியோ போதும். தைத்து முடித்தபின் தனியாக நடிக்க வேண்டியதில்லை.

முன்னாள்ஏஜென்சி:

ஆள் வைத்துச் செய்கிற நிறுவனங்களை மனதில் வைத்துச் சொன்னேன். தனி ஆளுக்கு உங்கள் கணக்குதான் சரி.

ஊசிநூல்:

நன்றி, மனசுக்கு லேசாக இருக்கிறது. மதிப்புரை கேட்பதற்குத்தான் கூச்சமாக இருக்கிறது. நல்ல மதிப்புரை எழுதினால் தள்ளுபடி என்று போடலாமா?

துணைக்கரம்:

வேண்டாம். மதிப்புரைக்குப் பதிலாகத் தள்ளுபடியோ பரிசோ தருவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. திருப்தியானவர்களிடம் மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும் கூடாது. காசு கொடுத்து மதிப்புரை வாங்குவது இன்னும் மோசம். அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது, பிரிட்டனிலும் 2025 ஏப்ரலில் அப்படி ஒரு தடை வந்தது.

எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள், கூச்சம் போய்விடும். துணியை வாங்கிப் போன மறுநாள் இப்படி அனுப்பலாம்: "துணி சரியாக இருக்கிறதா? ஏதாவது சரிசெய்ய வேண்டுமென்றால் சொல்லுங்கள், செய்து தருகிறேன். உங்கள் அனுபவத்தை இரண்டு வரி இங்கே எழுதினால், புதிதாக வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்." கீழே உங்கள் ப்ரொஃபைலில் கிடைக்கும் மதிப்புரை இணைப்பு.

குறை சொல்லி எழுதினால் கோபத்தில் பதில் போடாதீர்கள். "சொன்ன நாளில் துணி கிடைக்காதது உங்களுக்குச் சிரமமாக இருந்திருக்கும். இப்போது தேதி கொடுக்கும் முறையை மாற்றியிருக்கிறேன். உங்களுக்கு என்ன செய்து தரலாம் என்று பேச, என் எண்ணுக்கு அழையுங்கள்." இந்தப் பதிலை எழுதியவர் படிக்காவிட்டாலும், அடுத்து வருகிற பலர் படிப்பார்கள்.

கணக்கர்:

ஒரு சின்ன விஷயம். மின்னஞ்சலில் பில், சலுகை எல்லாம் அனுப்புகிறவர்கள் கவனிக்க: 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர் விதிகளை இறுக்கியிருக்கின்றன. சொந்த டொமைனிலிருந்து அனுப்பினால் அது உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு அமைப்புகளையும் சரியாக வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பில்லே ஸ்பாமுக்குப் போய்விடும், பணம் ஏன் வரவில்லை என்று நீங்கள் காத்துக்கொண்டிருப்பீர்கள்.

மரவேலை:

நண்பர்களே, எழுத்தாகக் கேட்டதும் பதில் வந்துவிட்டது. டொமைன் என் பெயருக்கு மாறிவிட்டது, ஃபேஸ்புக்கிலும் முழுக் கட்டுப்பாடு கிடைத்தது. ஆனால் அதற்கு மறுநாளே, "உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று ஒரு செய்தி, கீழே ஒரு இணைப்பு. இன்னும் தொடவில்லை. உண்மையா?

முன்னாள்ஏஜென்சி:

தொடாமல் விட்டது நல்லது. பக்கங்களைத் திருடுகிறவர்களின் வழக்கமான செய்தி அது. உண்மையில் பிரச்சினை இருந்தால் ஃபேஸ்புக்கில் பக்கத்தின் நிலையைக் காட்டும் பகுதியிலேயே தெரியும். எந்த இணைப்பையும் அழுத்தாமல் நீங்களாக உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் செய்தியைப் புகார் செய்துவிட்டு நீக்குங்கள்.

அப்படியே இரண்டு அடுக்குப் பாதுகாப்பை இன்றைக்கே போடுங்கள். ஃபேஸ்புக், ஜிமெயில், டொமைன் கணக்கு மூன்றிலும். கூகுளில் 10 மாற்றுக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். போன் தொலைந்தால் உள்ளே நுழைய அதுதான் வழி. அச்சடித்து, தொழில் ஆவணங்களோடு வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்கப் பின் ஒன்று வைக்கலாம். யார் கேட்டாலும், உதவி செய்கிற நாங்களே கேட்டாலும், ஓடிபி சொல்லாதீர்கள்.

துணைக்கரம்:

உதவி செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "கொடுங்கள், நான் செய்து தருகிறேன்" என்று மவுஸை வாங்கிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தொழில் செய்கிறவர் கையாலேயே செய்ய விடுங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஆனால் அடுத்த தடவை விலை மாற்றவோ விடுமுறை நேரம் போடவோ அவர் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு நாளில் ஒரு வேலைதான். ப்ரொஃபைலைச் சரிசெய்ய உட்கார்ந்தால் அதை மட்டும் முடித்துவிட்டு எழுந்திருங்கள். வகுப்புகளும் வீடியோக்களும் எவ்வளவோ இருக்கின்றன, கூகுளின் ஸ்கில்ஷாப்பும் மெட்டாவின் ப்ளூபிரிண்டும் இலவசமாகவே கற்றுத் தருகின்றன. சிறுதொழில்காரருக்குக் கிடைக்காமல் இருப்பது, தன் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஒரு ஆள்.

புதுக்கடை:

அப்படியென்றால் இங்கேயே யாராவது எனக்குப் பக்கத்தில் உட்கார முடியுமா? திரையைப் பகிர்ந்தால் போதும்.

எழுத்துரு:

நான் வருகிறேன். நீங்கள் வாங்கியவர்களிடம் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி எடுத்து வாருங்கள். திருத்த வேண்டாம். அதை வைத்து ப்ரொஃபைல் விவரத்தை நீங்கள் எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

ஊசிநூல்:

வாட்ஸ்அப் லேபிளும் குறும்பதிலும் நான் போட்டுவிட்டேன். புதுக்கடைக்கு அதை நான் காட்டித் தருகிறேன். பதிலுக்கு, படம் எடுக்கும்போது வெளிச்சம் எப்படி வைப்பது என்று எழுத்துரு எனக்குச் சொல்லித் தர வேண்டும்.

எழுத்துரு:

சரி. உங்களிடம் இருக்கிற துணிகளிலேயே அடர்நிறம் ஒன்று, வெள்ளை ஒன்று எடுத்து வையுங்கள். அந்த இரண்டையும் ஒழுங்காக எடுக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் வந்துவிடும்.